டீச்சர் பதில்கள்: கரை வேட்டி இல்லாமலும் களத்தில் இறங்கலாம்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "பதினெட்டு வயது ஆன பிள்ளைகள் ஓட்டுப் போடுவதோடு நின்றுவிடாமல், உள்ளாட்சித் தேர்தலில் பிடித்த ஒரு வேட்பாளருக்காகப் பத்து நாள் தெருவில் இறங்கி உழைத்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும்போல இருக்கிறது. பணியில் இருந்தவரை, தேர்தல் வந்தால் நான் வாக்குச்சாவடி அலுவலர். ஓய்வு பெற்ற பிறகு ஈரோடு மாவட்டத்தில் எங்கள் பகுதி உள்ளாட்சித் தேர்தலில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டும் நடந்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதை இங்கே சொல்ல மாட்டேன். நீங்கள் யாருக்காக உழைத்தாலும் இந்தப் பதில்கள் உங்களுக்கு உதவ வேண்டும்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். லட்சக்கணக்கான ஓட்டில் என் ஒரு ஓட்டு எந்த மூலைக்கு? 2022 மாநகராட்சித் தேர்தல் அன்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அதனால் என்ன கெட்டுப்போனது? — ஆர்.கே., சென்னை-17

முகவரியில் சென்னை-17 என்று போட்டிருக்கிறீர்கள். தியாகராய நகர் பக்கம்தான் இருக்கிறீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 137 ஓட்டு. உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலேயே அத்தனை பேர் இருப்பார்கள். அதே தேர்தலில் எங்கள் மாவட்டத்து மொடக்குறிச்சியில் 281. 2016-ல் இராதாபுரத்தில் 49. அந்த வழக்கு நீதிமன்றம் வரை போனது. ராஜஸ்தானில் 2008-ல் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் மாநிலத் தலைவராக இருந்தவரே ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

நீங்கள் வீட்டில் இருந்த அந்தத் தேர்தலில் சென்னையில் பதிவானது 43.59 சதவீதம். மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அறுபதுக்கு மேல். என்ன கெட்டுப்போனது என்று கேட்டீர்கள் அல்லவா? எந்தத் தெருக்காரர்கள் ஓட்டுப் போட வருவார்கள், எந்தத் தெருக்காரர்கள் வர மாட்டார்கள் என்பது ஒவ்வொரு கட்சி வட்டச் செயலாளருக்கும் மனப்பாடம். வாக்குப்பதிவு நாளில் ஏஜென்ட்கள் பட்டியலில் பெயர் பெயராகக் கோடு போடுவது அதற்குத்தான். வராத தெருவுக்கு மழைநீர் வடிகாலும் தாமதமாகத்தான் வரும். கவுன்சிலரைக் குறை சொல்வதற்கு முன்னால் அடுத்த தேர்தலில் உங்கள் மாடியில் இருக்கும் நாலு வீட்டுக் கதவையாவது தட்டி அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 20. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் பக்கத்து வீட்டு அத்தை நிற்கப் போகிறார். சுய உதவிக் குழுவை நல்லபடியாக நடத்தியவர். பணமோ கட்சிப் பின்னணியோ கிடையாது. அவருக்காக வேலை செய்ய எனக்கு ஆசை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த அரசியல்" என்கிறார் அம்மா. எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை. — ஒரு கல்லூரி மாணவி, பவானி வட்டம்

முதலில் அம்மாவிடம் இதைச் சொல்லு கண்ணு. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. பாதி நாற்காலி பெண்களுக்கு என்றால் அவர்களுக்காகத் தெருவில் நடப்பவர்களிலும் பெண்கள் இருக்கத்தானே வேண்டும்? 2021 அக்டோபரில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டி ஊராட்சியில் 21 வயதுப் பொறியியல் மாணவி சாருகலா தலைவராக ஜெயித்தார். அதே தேர்தலில் நெல்லை மாவட்டம் சிவந்திப்பட்டியில் ஜெயித்த பெருமாத்தாளுக்கு வயது 90. அடுத்த ஆண்டு 28 வயதில் பிரியா சென்னை மேயர் ஆனார். நீ 21 முடித்துவிட்டால் நீயே நிற்கலாம். அதுவரை அத்தையிடம் கற்றுக்கொள்.

பணம் இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரி ஏதாவது ஒன்று கிடைக்கும். 2019 தேர்தலில் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு வரம்பு 34,000 ரூபாய். ஆட்கள் இருந்தால் அந்த வரம்புக்குள் தாராளமாகத் தேர்தலைச் சந்திக்கலாம். குறைவது எப்போதும் ஆட்கள்தான். அங்கேதான் நீ வருகிறாய்.

வாக்காளர் பட்டியலில் தொடங்கு. உங்கள் வார்டின் பட்டியலை வாங்கி, ஒரு கோடு போட்ட நோட்டில் வீடு வீடாகப் பிரித்து எழுது. அடைப்பில் ஒரு குறிப்பு: இங்கேயே இருக்கிறாரா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாரா, இறந்துவிட்டாரா, வீட்டில் புதிதாகப் பதினெட்டு ஆனவர் யார், அவர் பெயர் ஏறியிருக்கிறதா. இந்த வேலையைத் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஃபிளெக்ஸ் கட்டுபவர்கள் நிறைய. இந்த நோட்டை எழுதுபவர் ஊருக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆனால் தேர்தல் நாளில் எல்லோரும் தேடி வருவது இதைத்தான்.

போகும் நேரம் முக்கியம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால், அல்லது விளக்கு வைத்த பிறகு. நடு மதியம் போகாதே. தூங்கும் வயதானவர்களை எழுப்பி ஓட்டுக் கேட்டால் விழாது. தனியாகப் போக வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் அந்தத் தெருவையே சேர்ந்தவராக இருக்கட்டும். அம்மாவின் பயத்துக்கும் அது ஒரு பதில். இல்லாவிட்டால் முதல் இரண்டு நாள் அம்மாவையே கூட்டிக்கொண்டு போ. பல அம்மாக்கள் மூன்றாவது நாள் நமக்கு முன்னால் நடப்பார்கள்.

வாசலில் நின்று நீ அதிகம் பேச வேண்டாம். கேள். என்னோடு நடந்த ஒரு கல்லூரிப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர், "எவனுக்கும் ஓட்டுக் கிடையாது, போங்க" என்றார். நான் நகரப் பார்த்தேன். அவள் அப்படியே திண்ணையில் உட்கார்ந்து, "ஏனுங் தாத்தா?" என்று கேட்டாள். முதியோர் உதவித்தொகைக்கு நாலு முறை மனுக் கொடுத்தும் கிடைக்கவில்லையாம். உள்ளே போய் ஒரு துணிக்கடை மஞ்சப்பை நிறையக் காகிதம் கொண்டுவந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ரேஷன் கார்டில் வயது 63, ஓட்டர் கார்டில் 36. யாரோ எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். அங்கேயே திருத்தத்துக்கான படிவம் 8-ஐ நிரப்பினாள். அந்த வீட்டு ஓட்டு யாருக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் பிரசாரம் என்றால் எனக்கு இப்போதும் அந்தத் திண்ணைதான்.

கிராமப்புறத்தில் ஒருவருக்கு நான்கு ஓட்டு, நான்கு நிறத்தில் சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். முதல்முறை ஓட்டுப் போடும் பிள்ளைகளும் பாட்டிமார்களும் குழம்புவது இங்கேதான். இரண்டு சின்னத்துக்கு நடுவில் முத்திரை விழுந்து செல்லாமல் போகும் சீட்டுகளை எண்ணிக்கையில் பார்த்தால் வயிறு எரியும். காகிதத்தை அதே நிறங்களில் வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டு.

கடைசியாக ஒன்று. அத்தை ஜெயித்த பிறகு "தலைவர் வீட்டுக்காரர்" என்று மாமா நாற்காலியில் உட்காரும் ஊர்கள் எத்தனையோ உண்டு. அதைப் பிரசாரத்திலேயே தடுக்க வேண்டும். தெருமுனையில் மைக்கை அத்தை கையில் கொடுங்கள். முதல் நாள் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, அவரே பேசட்டும்.

கேள்வி: தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சொந்த ஊர் இராமநாதபுரம் பக்கம். எனக்கு ஓட்டு எங்கே? — எஸ்.எம்., தஞ்சாவூர்

நீங்களே முடிவு செய்துகொள்ளலாம் தம்பி. குறைந்தது ஓராண்டுப் படிப்பில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவர் பெற்றோர் வீட்டு முகவரியிலோ, விடுதி முகவரியிலோ பெயரைப் பதியலாம். விடுதி என்றால் கல்லூரியிலிருந்து சான்று வாங்கி இணைக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பதற்குப் படிவம் 6, ஏற்கெனவே இருக்கும் பெயரை மாற்றுவதற்குப் படிவம் 8. இரண்டு இடத்தில் பெயர் இருப்பது குற்றம் என்பதை மறக்காதீர்கள். என்னைக் கேட்டால், படிப்பு முடித்து ஊருக்கே திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை உங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எனக்கு 17 வயது. பதினெட்டு ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா? இப்போதே பிரசாரத்துக்குப் போகலாமா? — ப்ளஸ் டூ மாணவன், நாமக்கல்

பதிவு செய்யக் காத்திருக்க வேண்டாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்பு ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்துவிட்டன. பதினெட்டு நிறைந்தபின் வரும் தகுதி நாளில் பெயர் ஏறும். உங்கள் பகுதியின் பி.எல்.ஓ., அதாவது வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், யார் என்று கேள். பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார்.

பிரசாரத்துக்கு மட்டும் பொறுத்திரு. சிறுவர்களை ஊர்வலத்திலும் கோஷத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. உன்னைக் கூப்பிடும் கட்சி விதியை மீறுகிறது என்று அர்த்தம். என் இளமையில் ஓட்டு வயதே 21. அது 18 ஆனது 1989 மார்ச்சில்தான். உனக்கு இன்னும் சில மாதம், அவ்வளவுதானே!

கேள்வி: குரூப் 2-க்குப் படிக்கிறேன். வார்டு தேர்தலில் ஒரு கட்சிக்கு நோட்டீஸ் கொடுத்தால் பின்னால் அரசு வேலைக்குச் சிக்கல் வருமா? நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். — த.வி., மதுரை

இந்தப் பயத்தால் வீட்டோடு நின்றுபோன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கடந்தகால அரசியல் ஈடுபாட்டைக் காரணம் காட்டி ஒருவருக்கு அரசு வேலையை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியரின் பழைய கட்சித் தொடர்பைக் காரணமாகக் காட்டி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். அந்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. நோட்டீஸ் கொடுத்ததற்காக உங்கள் வேலை போகாது.

சிக்கல் வருவது வேறு இடத்தில். அனுமதி வாங்காத ஊர்வலம், சுவரொட்டித் தகராறு, கைகலப்பு என்று ஏதாவது ஒரு எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் போலீஸ் சரிபார்ப்பில் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால் "அனுமதி வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அப்புறம், வேலையில் சேர்ந்த நாளோடு எல்லாக் கட்சி வேலையும் நிற்க வேண்டும். நடத்தை விதிகளில் கட்சி உறுப்பினராக இருப்பதற்கும் பிரசாரத்துக்கும் இடமில்லை. பூத் ஏஜென்டாகவும் உட்காரக் கூடாது. ஓட்டு மட்டும்தான். ஆகவே செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: என் மகன் டிப்ளமோ முடித்தவன். தேர்தல் வந்தால் ஒரு கட்சிக்காரர் வண்டியில் ஏறிப் போய்விடுகிறான். பிரியாணி, இரவில் குடி. நீங்களோ பிள்ளைகளைப் பிரசாரத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். இது நியாயமா? — ஒரு தகப்பனார், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. கொடி பிடிக்கவும் பைக் பேரணிக்கும் இளைஞர்களைக் கூட்டிப் போய், சாப்பாடும் பாட்டிலும் கொடுத்து அனுப்புவதை நான் பிரசாரம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு வேட்பாளரின் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அவனை அப்படி வைத்திருப்பதில்தான் சிலருக்கு லாபம்.

தடுத்தால் மறைத்துப் போவான். வேறு ஒன்று செய்யுங்கள். "அந்த அண்ணனிடம் பூத் ஏஜென்டாக உட்கார வாய்ப்புக் கேள்" என்று சொல்லுங்கள். சட்டமன்றத் தேர்தலில் அந்த வேலை எப்படி இருக்கும் தெரியுமா? ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு முன்பே சாவடியில் இருக்க வேண்டும். எந்திரத்தில் குறைந்தது ஐம்பது மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிப் பார்த்து, அழித்து, சீல் வைப்பார்கள். அதை ஏஜென்ட்கள் கண் முன்னால்தான் செய்ய வேண்டும். சீலில் அவன் கையெழுத்துப் போடுவான். பிறகு நாள் முழுக்கப் பட்டியலும் ஸ்கேலும் பேனாவுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். வந்திருப்பவர் அந்தப் பெயருக்குரிய ஆள்தானா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் பதிவான மொத்த ஓட்டுக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி, தலைமை அலுவலர் நகல் கொடுப்பார். அதை வாங்கிப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நான் தலைமை அலுவலராக இருந்த சாவடிகளில், எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்களாக வந்த பையன்கள் மதியம் ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். வெளியே வெட்டுக் குத்து என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே அப்படி இருந்தார்கள். குடித்துவிட்டு வருபவனுக்கு அந்த நாற்காலியில் இடமில்லை என்பது உங்கள் மகனுக்கே தெரியும். கேட்டுப் பார்த்து, அந்த அண்ணன் வாய்ப்புத் தராவிட்டால், "உன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று யோசி" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாலு ஓட்டு. அப்பா நாலுக்கும் பணம் வாங்கிவிடுகிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது. என்ன செய்வது? — பெயர் வேண்டாம், கரூர்

கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில்தானே 2016-ல் பண விநியோகத்தால் தேர்தலே தள்ளிப்போனது? தஞ்சாவூரிலும் அப்படியே. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதி. உங்கள் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை இது.

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். "என் ஓட்டுக்கு மட்டும் வாங்காதீர்கள், நான் பதினெட்டு வயதுக்காரன், அது என்னுடையது" என்று சொல்லுங்கள். கொடுப்பவர் வரும்போது நீங்களே வாசலுக்குப் போய், "மூணு பேர்தான் எழுதியிருக்கணும்" என்று சொன்னால் இன்னும் நல்லது. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் அனுப்பினால் நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் ஏற்பாடு. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்? பிடித்தவருக்கே போடுங்கள். எந்திரத்துக்கு முன்னால் யாரும் உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க முடியாது.

பிரசாரத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே இடத்தில் ஒரு கட்டளை போடுகிறேன், டீச்சர் என்ற உரிமையில். கவர் கொண்டுபோய்க் கொடு என்று சொன்னால் அந்த நிமிடமே நோட்டீஸைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். எவ்வளவு நல்ல வேட்பாளராக இருந்தாலும் சரி.

கேள்வி: பெங்களூரில் வேலை. ஓட்டுப் போட ஊருக்குப் போக லீவு தர மறுக்கிறார்கள். — ஜெ., கிருஷ்ணகிரி

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவைக் காட்டுங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நாளில் வாக்காளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். தொகுதிக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கும், தினக்கூலிக்கும் பொருந்தும். ஒருவராகக் கேட்டால் தயங்குவார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். பேருந்தில் இடமும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

கேள்வி: யாரையும் பிடிக்காதவர்கள் நோட்டா போடுவது சரிதானே? — கே., புதுக்கோட்டை

உங்கள் உரிமை. 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த பொத்தான் அது. ஆனால் நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து நிற்பவர்தான் ஜெயித்தவர். கோபத்தைத் தெரிவிக்கும், ஆளை மாற்றாது. 1996-ல் எங்கள் மொடக்குறிச்சி விவசாயிகள் தங்கள் குறையை நாடே கேட்க வேண்டும் என்று சட்டமன்றத் தேர்தலுக்குக் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு டெபாசிட் தொகையையே ஏற்றிவிட்டார்கள். யாரையும் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்த ஒருவரை ஊராட்சி வார்டிலாவது நிறுத்திப் பாருங்கள். 2019 தேர்தலில் அங்கே டெபாசிட் நூறு, இருநூறு கணக்கில்தான் இருந்தது.

கேள்வி: சென்ற முறை எங்கள் அண்ணனுக்காக இராப்பகலாக உழைத்தோம். சில ஓட்டில் தோற்றார். இனி எதற்கு என்று நண்பர்கள் ஒதுங்கிவிட்டார்கள். — மு., திருவண்ணாமலை மாவட்டம்

உழைத்துத் தோற்ற வலி எனக்கும் தெரியும். ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து வீடு வரும்வரை யாரும் பேச மாட்டார்கள். இரண்டு நாள் அப்படி இருக்கட்டும்.

பிறகு அந்த வீடு வீடான நோட்டை எடுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று நீங்கள் எழுதியது ஜெயித்தவரிடம்கூட இருக்காது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். தோற்றவர்களுக்கும் அங்கே அதே உரிமை. 2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோது, பல ஊர்களில் கேள்வி கேட்க மிஞ்சியிருந்தது கிராம சபை ஒன்றுதான்.

நண்பர்களில் ஐந்து பேர் வந்தால் போதும். ஆளுக்கு ஒரு பிரச்சினையாக எழுதிக்கொண்டு, கம்பத்தின் எண், குழாயின் இடம், எத்தனை வீடு பாதிப்பு என்ற விவரத்தோடு போங்கள். பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை பக்கத்திலேயே நின்று, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.